ஆவடிக் கம்பிக் கறியும் கை நனைக்காத தாய்மாமனும்

கொரட்டூர்,
தாரண வருஷம், மாசி மாதம் 10-ந் தேதி.

கோலார் தங்கவயலில் தீர்க்காயுசாக இருக்கும் நாகப்ப மாமா அவர்களுக்கு, மைத்துனன் ஜம்புலிங்கம் தலை வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், அன்னம்மாள், போன மாதம் கன்று போட்ட பசு, எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் தாங்கள், அக்காள், குழந்தை பூங்காவனம் ஆகியோருடைய சௌக்கியத்துக்கு எழுதவும். குறிப்பாகத் தாங்கள் உயிரோடு இருப்பதை ஒரு கார்டில் தங்கள் கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் வைத்து அனுப்பினால் பெரிய உபகாரமாக இருக்கும். எதற்கு என்பது போகப் போகத் தெரியும். அதுவரை கோபப்படாமல் படிக்க வேண்டுகிறேன்.

தை மாதம் தாங்கள் எழுதிய கடிதத்தில் எனக்கு இரண்டு கட்டளை இட்டிருந்தீர்கள். ஆவடியில் பூந்தமல்லி ரோட்டோரம் கம்பியில் கறி கோத்து நெருப்பில் சுட்டு விற்கிற நாகேந்திரன் என்ற பையனுக்கு நம் பூங்காவனத்தைக் கேட்கிறார்கள், பையன் யோக்கியன் என்று தரகர் சொல்கிறார், ஆனால் அவன் பிழைப்பு முழுக்க அந்த நெருப்பில்தான் இருக்கிறது, கறி நன்றாக இருந்தால்தான் குடித்தனம் நன்றாக இருக்கும், ஆகையால் நீ தாய்மாமன் என்ற முறையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் அவன் கடைச் சாப்பாடு எப்படி என்று தீர்மானமாகப் பார்த்து எழுது என்பது முதல் கட்டளை. எக்காரணம் கொண்டும் அங்கே கை நனைத்துவிடாதே என்பது இரண்டாவது. சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடும், அதிலும் தாய்மாமன் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டு கட்டளையும் ஒன்றோடொன்று எப்படிக் குடித்தனம் பண்ணும் என்பதைத் தாங்கள் யோசித்தீர்களோ என்னவோ, நான் கடிதத்தைப் படித்துக் காட்டியதுமே அன்னம்மாள் யோசித்துவிட்டாள்.

"ஏங்க, பானை சோத்துக்கு ஒரு சோறாவது எடுத்துப் பாக்கணும். வாயில வெக்காம ருசி சொல்றதுக்கு நீங்க இன்னா மூக்காலயா துன்னுவீங்க?" என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலைத் தங்களுக்கும் சொல்கிறேன். முப்பது வருஷம் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மூட்டையைப் பிரிக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. மோந்து பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பேன், உள்ளே இருப்பது மிளகாயா மல்லியா, பழசா புதுசா, வழியில் மழையில் நனைந்ததா இல்லையா என்று சீட்டில் எழுதிவிடுவேன். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் தவறியது. அந்த மூட்டைக்குள் இருந்தது ஒரு ஆடு. அது கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. வாயில் போட்டுப் பார்த்து ருசி சொல்வது யாருக்கும் வரும், போடாமல் சொல்வதற்குத்தான் சர்வீஸ் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அன்னம்மாள் பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நான் விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த வரன் தட்டிப்போனால் குழந்தையை அந்த ஜோலார்பேட்டைக்காரருக்கே கொடுத்துவிடப் போவதாகத் தாங்கள் எழுதியிருந்த வரியை மூன்று தடவை படித்தேன். அவருக்கு வயது நாற்பத்தொன்று. மூத்த தாரத்துப் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. அதே கடிதத்தின் ஓரத்தில் அக்காள் பென்சிலால், 'தம்பி, எப்படியாவது' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூங்காவனத்துக்கு என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அன்றைக்கு அவளைவிட அதிகமாக அழுதவன் நான் என்று இன்றும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் ஒரு வாலிபப் பையனைக் கட்டிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில், ஆவடியில் வாழ வேண்டும் என்பது என் ஆசை. மாசி முடிவதற்குள் ஜோலார்பேட்டைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று தாங்கள் கெடு வைத்திருந்தபடியால் நான் தாமதிக்கவில்லை.

தை இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குடையும் கையுமாக அம்பத்தூர்வரை நடந்துபோய் அங்கே ரயிலேறி ஆவடியில் இறங்கினேன். யுத்தம் வந்ததிலிருந்து ஆவடி பழைய ஆவடி இல்லை. எங்கே திரும்பினாலும் பட்டாள லாரி, டிப்போவில் வேலை செய்கிற கூட்டம், அத்தனை பேருக்கும் பசி. நாகேந்திரனின் கடை ஒரு கீற்றுப் பந்தல். முன்னால் நீளமான இரும்புத் தொட்டியில் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருக்கிறது, அதன்மேல் வரிசையாகக் கம்பிகள், ஒவ்வொரு கம்பியிலும் ஐந்தாறு துண்டு கறி. பையன் ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் கம்பிகளைத் திருப்புகிறான். ஆள் கறுப்பு, ஒல்லி, முகத்தில் களை உண்டு. அவன் தாயார் சொர்ணம்மாள் இலை போட்டுப் பரிமாறுகிறாள். தகப்பனார் இல்லை. நான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று மோந்து பார்ப்பது என்று திட்டம். அங்கே நின்றால் லாரி எண்ணெய் நாற்றம்தான் வந்தது. ஆகவே வேட்டி முனையைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் பந்தலின் ஓரமாகப் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்தேன்.

மாமா, முதல் இழுப்பிலேயே மிளகு தெரிந்தது, இஞ்சி தெரிந்தது, கொழுப்பு நெருப்பில் சொட்டிப் பொரிகிற வாசனை தெரிந்தது. இரண்டாவது இழுப்பில் புகை முழுவதும் என் முகத்துக்கு வந்துவிட்டது. பாதிப் பரிசோதனையில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் எனக்குச் சர்வீஸிலேயே கிடையாது என்பதால் அங்கேயே நின்று இழுத்துக்கொண்டிருந்தேன், கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு விக்கி விக்கி இருமுகிறேன், அந்த நிலையில் டிப்போ ஆள் ஒருவன் வந்து என் தோளில் கையை வைத்தான்.

"இன்னா நைனா, யாரு பூட்டாங்க?" என்றான்.

புகை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புகையில் ஏன் நிற்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் தங்கள் கட்டளை காற்றில் பறக்கும். ஆகவே நெருங்கின சொந்தம் என்றேன். எந்த முறையில் சொந்தம் என்று கேட்டான். அந்த நேரத்தில் என் மனசு முழுக்கத் தாங்களும் தங்கள் கடிதமும்தான் இருந்தீர்கள். 'அக்கா புருஷன்' என்று வாயில் வந்துவிட்டது. எந்த ஊர் என்றான், கோலார் என்றேன். அதற்குள் பத்துப் பேர் கூடித் தலைத் துண்டை அவிழ்த்துவிட்டார்கள். சுரங்கம் சரிந்ததா, தண்ணீர் புகுந்ததா என்று ஒருவர் விசாரித்தார். தாங்கள் வீணாகக் கஷ்டப்பட வேண்டாம் என்று, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னேன். சுரங்கத்துக்குள் எப்படித் தூங்கினார் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது, ஆனாலும் துக்கத்தில் இருப்பவனைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்று விட்டுவிட்டார். செத்துப்போனதாகப் புரளி கிளம்பினால் ஆயுசு கெட்டி என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆகவே தாங்கள் இதைச் சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும், ஆவடியில் தங்களுக்குக் கிடைத்த மரியாதை கோலாரில் கிடைக்குமா என்பது சந்தேகம். நல்ல வியாபார நேரத்தில் நாகேந்திரன் கம்பிகளையெல்லாம் நெருப்பிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்து கும்பிட்டு, கையைப் பிடித்து என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தான். கம்பி ஆறிப்போனால் கறி விறைத்துவிடும் என்று தெரிந்தும் அப்படிச் செய்தான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது. சொர்ணம்மாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள்.

"ஒரு வாய் மோராவது குடிங்க அய்யா. அழுது அழுது தொண்டை காஞ்சி பூட்டிருக்கும்" என்றாள்.

தொண்டை காய்ந்துதான் இருந்தது. மோர் கை நனைப்பதில் சேர்த்தியா என்று யோசித்தேன். உப்புப் போட்டிருந்தால் கட்டாயம் சேர்த்தி, உப்புப் போட்டிருக்கிறதா என்று பார்க்கக் குடித்தாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்தாள், அதையும் மறுத்தேன். வெற்றிலைத் தட்டை நீட்டினாள், தட்டைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அதைத் தொட்டால் நிச்சயதார்த்தமே முடிந்த மாதிரி. அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"எங்க ஊட்டுது எதுவுமே வேணாங்களா?" என்றாள்.

"எதுவுமே வேணாம்மா" என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். என் கட்டுப்பாட்டைத் தாங்கள் நேரில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியபிறகுதான் அதிலிருந்த சிக்கல் புரிந்தது. அக்காள் புருஷன் இறந்த துக்கத்தில் இருப்பவன் பதினாறு நாளைக்குக் கறிக்கடைப் பந்தலில் போய் நிற்க முடியாது. ஆவடியே காறித் துப்பும். தாங்கள் வைத்த கெடுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே மூன்றாம் நாள் கடையின் பின்பக்கமாகப் போனேன். சாப்பிட்டவர்கள் போடுகிற நெஞ்செலும்புகளை அங்கே ஒரு செவலை நாய் தின்றுகொண்டிருந்தது. எலும்பில் கறி ஒட்டிக்கொண்டிருந்தால் சூடு உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம், சுத்தமாகக் கழன்றிருந்தால் பதம். இதற்கு வாய் எதற்கு, கண் போதும். நாயிடம் முதலில் மரியாதையாகத்தான் கேட்டேன். அது உறுமியது. குடையின் வளைந்த பிடியால் எலும்பின் ஒரு முனையைக் கொக்கி போட்டு இழுத்தேன். அது மறு முனையைக் கவ்விக்கொண்டு இழுத்தது. நான் இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று எடுத்துச் சொன்னேன். அது கேட்கவில்லை. இப்படி நாங்கள் இருவரும் பந்தலைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் முடிக்கிற சமயத்தில் அடுப்புக்கரி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பூந்தமல்லி உஸ்மான் கனி பாய். நாகேந்திரனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத் அவர்தான், கரியும் அவர்தான் கொண்டுவந்து போடுகிறார்.

"துக்கம் தாங்காம பெரியவருக்கு மூளை கலங்கிப் போச்சு. வாங்க அய்யா, நம்ம பூந்தமல்லி மசூதியாண்ட ஓதி ஊதச் சொல்றேன், எல்லாம் தெளிஞ்சிரும்" என்று என்னைத் தூக்கி வண்டியில் கரி மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டார்.

நான் மறுக்கவில்லை. எலும்பை விட்டுவிட்டு உஸ்தாத்தைப் பிடிப்பது லாபம்தானே. ஓதி ஊதினார்கள். அவர் மாப்பிள்ளை வீட்டார் இல்லை என்பதால் அவர் வீட்டு ஷர்பத்தை இரண்டு தம்ளர் தாராளமாகக் குடித்தேன். பிறகு பேச்சை மெதுவாகக் கறிப் பக்கம் திருப்பினேன்.

"நாலு வருசம் நம்ம கிட்டத்தான் அய்யா தொழில் கத்துகினான். கறிய தயிரு, மிளகு, இஞ்சி, பப்பாளிக்கா அரைச்சுப் பூசி மொத நாளே ஊற வெக்கணும். அவசரப்பட்டா நெருப்பு காட்டிக் குடுத்துரும். இந்தப் பையன் அவசரப்பட மாட்டான். ஒரு நாளு கறி லேசா வாடை அடிச்சுதுன்னு ஒரு தேக்சா நிறைய இருந்ததத் தூக்கிக் குப்பையில கொட்டிட்டான். அவங்கம்மா கத்துறாங்க, இவன் காதுலயே போட்டுக்கல. அப்பிடி ஒரு ஆளு" என்றார் உஸ்மான் கனி.

கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாடை அடிக்கிற கறியைக் கொட்டத் தெரிந்தவன் பெண்டாட்டியைக் கண் கலங்க விடமாட்டான். ஆனாலும் கறி வாயில் எப்படி என்பதற்குச் சாட்சி வேண்டும். நாய் வாய் திறக்கவில்லை, உஸ்தாத் தன் சீடனை விட்டுக்கொடுக்க மாட்டார். அப்போதுதான் எனக்கு வேம்புலியின் ஞாபகம் வந்தது. வேம்புலி எனக்குத் தூரத்துப் பங்காளி, இங்கே கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறான். தாங்கள் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷமாகப் பெண்டாட்டி சமையலில் வேளைக்கு ஒரு குற்றம் கண்டுபிடித்துவரும் நாக்கு அவனுடையது. இதைவிடக் கறாரான நாக்கு இந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. எனக்காக நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ருசியைச் சொல் என்று கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை, ரகசியம் ரகசியம்தான்.

"துன்னுட்டு சொல்லணும், அவ்ளோதானே அண்ணாத்தே" என்று உடனே புறப்பட்டுவிட்டான்.

அவன் பந்தலுக்குள் போக, நான் எதிர்ப்பக்கம் சைக்கிள் ரிப்பேர்க் கடை நிழலில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். ஏழு கம்பி சாப்பிட்டுவிட்டு வந்தான்.

"எப்படி இருக்கு வேம்புலி?"

"நல்லாக் கீது அண்ணாத்தே."

"நல்லா இருக்குன்னா எப்படி?"

"துன்னா இன்னும் துன்லாம்னு கீது."

"பதம்?"

"பல்லுக்கு வேலயே இல்ல."

"உப்பு?"

"அத்த கவனிக்கல. நாளிக்கி பாத்துட்டு சொல்றேன்."

மறுநாள் உப்பைப் பார்க்கப் போனான். உப்புச் சரி, காரத்தைக் கவனிக்கவில்லை என்றான். அதற்கு மறுநாள் காரம். அதன்பின் ஈரலுக்கு ஒரு நாள், நெஞ்செலும்புக்கு ஒரு நாள், ஓரம் கருகியிருக்கிறதா என்பதற்கு ஒரு நாள், காற்று மாறி அடித்தால் ருசி மாறுகிறதா என்பதற்கு ஒரு நாள். இப்படி ஒன்பது நாள் அவன் சாப்பிட, நான் எதிரே நின்று அவன் தாடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எச்சில் விழுங்கி விழுங்கியே எனக்குத் தொண்டை வலி வந்துவிட்டது. எட்டாம் நாள் சொர்ணம்மாள் வந்து வேம்புலிக்கு எதிரே உட்கார்ந்து வெகு நேரம் ஏதோ பேசினாள். நடுவில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைக் கையைக் காட்டினாள். வேம்புலி வாய் நிறையக் கறியோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கறி நன்றாக இருக்கிறது என்று ஜாடை காட்டுகிறான் போலிருக்கிறது என்று நானும் குடையை விலக்கி அவளைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினேன். அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னடா பேசினாள் என்று பிறகு கேட்டேன்.

"ஊட்ல யார் யார் கீறாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். ரொம்ப மரியாதியான பொம்பள அண்ணாத்தே" என்றான்.

ஒன்பதாம் நாள் அவன் திரும்பி வரும்போது, ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அம்பத்தூரில் இறங்கினபிறகு, "இத்தினி வருசம் நான் துன்னதெல்லாம் வீண் அண்ணாத்தே" என்று மட்டும் சொன்னான். அன்று வீட்டில் பெண்டாட்டி வைத்த குழம்பை ஒரு குற்றமும் சொல்லாமல் சாப்பிட்டானாம். அவள் பயந்துபோய் அன்னம்மாளிடம் வந்து அழுதாள்.

ஆகவே என் தீர்மானத்தை இதன் மூலம் தெரிவிக்கிறேன். கறி இளசு, ஊறின பதம் சரி, உப்பு, காரம், சூடு எதிலும் பழுதில்லை. கடை சுத்தம், பையன் அதைவிடச் சுத்தம், தாயார் மரியாதை தெரிந்தவள். இத்தனையையும் ஒரு சொட்டு மோர்கூடத் தொடாமல் கண்டுபிடித்திருக்கிறேன் என்பதை மற்ற சொந்தக்காரர்களிடமும் படித்துக் காட்டவும். முந்தாநாளோடு தங்களுக்குப் பதினாறு நாள் முடிந்துவிட்டது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை நல்ல வேளையில் புது வேட்டி கட்டிக்கொண்டு, தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு நேராகப் போய், முறைப்படி அந்த வீட்டில் கை நனைத்துச் சம்மதம் சொல்லப் போகிறேன். பெண்ணின் தகப்பனார் பெயர் கேட்டால் தாங்கள்தான் என்றும், அன்று இறந்துபோனது என் இன்னொரு அக்காள் புருஷன் என்றும் சொல்வதாக உத்தேசம். எனக்கு ஒரே அக்காள்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது. சந்தேகப்பட்டால் காட்டுவதற்குத்தான் அந்தக் கார்டு. காலதாமதம் கூடாதென்று ஜோலார்பேட்டைக்காரருக்கும் தங்கள் பெயரில் நானே, பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிவாகிவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். அக்காளிடம், 'எப்படியாவது' என்று எழுதினாயே, ஆகிவிட்டது என்று சொல்லவும்.

குழந்தை பூங்காவனத்துக்கு என் ஆசீர்வாதம். அவள் பதினாறும் பெற்று நெருப்புச் சூடு படாமல் வாழ வேண்டும். அக்காளுக்கு என் வணக்கம். தாங்கள் நூறு வயது இருக்க வேண்டும், அதை நான் வாயளவில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்
ஜம்புலிங்கம்.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி முடித்து உறையில் போடப் போகும்போது வேம்புலி வந்தான். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். பங்குனி ஏழாம் தேதி தன் மகள் முத்தம்மாளுக்குக் கல்யாணம், நான்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்றான். மாப்பிள்ளை யார் என்று கேட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, தெரியாத மாதிரி கேக்கற. நாகேந்திரன்தான். நீதானே என்ன அனுப்சே" என்றான்.

அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ கோலார் பொண்ணுக்குத் தாய்மாமன்னு அந்தம்மாவுக்கு மொத நாளே தெரியும். தரகரு குடையோட அடையாளம் சொல்லிகீறாரு. மோரு வேணாம்னே, தண்ணி வேணாம்னே, வெத்தல வேணாம்னே, எதுவுமே வேணாம்னே. பொண்ணோட அப்பாவே பூட்டாருன்னு வேற சொல்லிட்டே. இஷ்டமில்லன்றத இத்தினி மரியாதியா சொன்ன மனுசன நான் பாத்ததே இல்லன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சி போறாங்க. அப்பால உனுக்கு பதிலா பங்காளி என்ன அனுப்சே. நான் தெனம் போயி கை நனைச்சேன். உங்க பொண்ணக் குடுக்க அவருக்கும் சம்மதமான்னு கேட்டாங்க. நீ ரோட்டாண்ட நின்னுகினு தலயாட்னே. என் பொண்ணுக்கு ரெண்டு வரன் தட்டிப் போயி நான் ஒடஞ்சி கெடந்தது உனுக்குத் தெரியும். அதுக்குத்தானே இத்தினியும் பண்ணே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாமயே" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று என் காலில் விழுந்துவிட்டான்.

நான் என்ன செய்ய, மாமா. அவன் அழுகிறான். அந்தப் பெண்ணுக்கும் இருபத்துநாலு வயதாகிறது. தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணித்தான் எழுப்பினேன். அன்னம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பசுவைப் பார்க்கப் போய்விட்டாள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பது என் வரையில் சரியாகிவிட்டது. ஜோலார்பேட்டைக் கடிதம் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும், அதை நான் திரும்ப வாங்க முடியாது. முடிந்தாலும் வாங்க மாட்டேன், அதற்குத் தாங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் சரி. குழந்தைக்குப் பதினெட்டுதானே ஆகிறது. வேறு நல்ல பையனாகப் பார்க்கிறேன், இந்தத் தடவை அன்னம்மாள் போவாள்.

வேம்புலி போகும்போது தட்டோடு ஒரு வாழை இலைப் பொட்டலமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சொர்ணம்மாள் எனக்கென்று கொடுத்தனுப்பியதாம், நாலு கம்பிக் கறி, இன்னும் சூடு ஆறவில்லை. இனி அது நமக்குச் சம்பந்தி வீடு இல்லை என்பதால் தடை ஒன்றும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அவன் கடைச் சாப்பாடு எப்படி என்று தீர்மானமாகப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது, மாமா.